பின்பக்கம் தள்ளிய சூடு

பாலக்கரையில் பூமி சூடாகிறது என்பதை மனதார நம்பிய முதல் ஆள் என் அண்ணன் டோமினிக்தான். ஏசி விற்பதும் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் அவர் தொழில். நம்பாமல் எப்படி இருப்பார்?

அதனால்தான் மகள் லின்சி, "இன்ஜினியரிங் வேணாம்ப்பா, பருவநிலை மாற்றம்னு புதுசா ஒரு டிகிரி வந்திருக்கு, அதுல சேரப்போறேன்" என்றபோது குடும்பமே பதறியும் அவர் பதறவில்லை. காலையில் இயற்பியல், மதியம் பொருளாதாரம், சாயங்காலம் சமூகவியல் என்று பல துறைகளையும் கலந்த படிப்பு அது. இதை முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கல்லூரியே இன்னும் யோசித்துக்கொண்டிருந்த அந்தக் கேள்விக்கு அண்ணன் பட்டென்று பதில் சொல்லிவிடுவார்.

"எந்தத் தெரு எப்பக் கொதிக்கும்னு அவ சொல்லுவா. நான் அங்க போய் ஏசி விப்பேன்."

அப்படியே செய்தார். மகளின் பாடத்தைச் சாப்பிடும்போது கேட்டுக்கொள்வார். "இனிமே ராத்திரியிலயும் சூடு இறங்காதுங்க, விஞ்ஞானமே சொல்லுது" என்று காவிரிக் காற்று வீசும் ஸ்ரீரங்கத்து வீடுகளில்கூட விற்றுவிட்டு வந்தார்.

தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. சூட்டை வெளியே ஊதும் அவுட்டோர் பெட்டியை வீட்டின் முன்பக்கம் வைக்கவே மாட்டார். முகப்பு கெட்டால் வாங்கியவர் முகம் கோணும். எல்லாம் பின்பக்கச் சந்துக்குத்தான். சொந்த வீட்டிலும் அதே கதை. படுக்கையறைச் சூடெல்லாம் சந்துக்குப் போய், அங்கிருந்து அண்ணி அற்புதம்மாளின் அடுப்படி ஜன்னல் வழியாகத் திரும்பவும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

போன ஈஸ்டருக்கு மறுவாரம் அண்ணி அடுப்படியில் குழம்புச் சட்டியோடு மயங்கி விழுந்தார். வலது கை வெந்துபோனது. சந்துக்கு இந்தப் பக்கம் என் வீடு. சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. ஆனால் முதலில் ஓடிப்போய் அவரைத் தூக்கியது செல்லக்கிளி. என் வீட்டை ஒட்டி, தகரக் கூரையின் கீழ், கைக்குழந்தையோடு குடியிருப்பவள்.

"தண்ணியே குடிக்கிறதில்ல, அதான்" என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

லின்சி தன் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு அந்த அடுப்படியையே எடுத்துக்கொண்டாள். "அம்மா இன்னொரு தடவை விழக் கூடாது அத்தை" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். ஒரு வெப்பமானியை அங்கே மாட்டினாள். இன்னொன்று ஸ்ரீரங்கத்தில் தோழி தேவதர்ஷினி வீட்டு அடுப்படியில். சூடு எவ்வளவு என்று இயற்பியல்காரர் கேட்டார். கரண்ட் பில் யார் கட்டுவது என்று பொருளாதாரக்காரர் கேட்டார். அந்தச் சூட்டில் நிற்பது யார் என்று சமூகவியல் ஆசிரியை கேட்டார். மூன்றுக்கும் பதில் ஒரே வீட்டுக்குள் இருந்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஏசி போட்ட ஹாலில் அப்பாவை உட்காரவைத்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"அப்பா, நம்ம அடுப்படிதான் ரொம்பச் சூடு. அடுப்பால மட்டும் இல்ல. நம்ம அவுட்டோர் அதுக்குள்ள ஊதுது. அதை மொட்டை மாடிக்கு ஏத்திருங்கப்பா."

அண்ணி தழும்பேறிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது.

"நான் பாவிடி. நாளைக்கே சரி பண்ணிடுறேன்."

நானும் அழுதுவிட்டேன். அவர் மேல் அத்தனை பாசம் வந்தது.

சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே அடுப்படிக்கும் ஒரு ஏசி மாட்டினார். மாடிக்கு ஏற்றினால் குழாய் நீண்டு கூலிங் குறையுமாம்.

இப்போது அண்ணி ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஜம்மென்று சமைக்கிறார். கோயில் பாட்டெல்லாம் பாடுகிறார். லின்சியின் ப்ராஜெக்ட்டுக்குக் கல்லூரியில் முதல் பரிசு. ஆராய்ச்சியால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மாறிவிட்டதல்லவா?

புதுப் பெட்டியும் சந்தில்தான் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே என் அடுப்படி. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஜன்னலில் நின்று கத்தினேன்.

"அண்ணே, இங்க மனுஷி நிக்க முடியல!"

வெப்பமானியோடு லின்சியும் கூட வர, அண்ணன் வந்து பார்த்தார்.

"இதுக்கா இந்தக் கத்து கத்துற? உனக்கும் ஒண்ணு மாட்டிருவோம். தங்கச்சிகிட்ட லாபமா பாக்கப்போறேன்?"

"அவுட்டோரை எங்கண்ணே வைப்பீங்க?"

"அந்தப் பக்கம்தாம்மா, செல்லக்கிளி பக்கம். தகர வீடு, எப்படியும் கொதிச்சுக்கிட்டுத்தானே இருக்கு."

லின்சி என் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன்.

லின்சி வெப்பமானியை எடுத்துக்கொண்டு செல்லக்கிளி வீட்டை நோக்கி நடந்தாள்.