பதினேழாவது கோப்பையும் பிளேன்டீயும்

குறைந்த சூட்டில் சுடும் செம்மண் கோப்பைக்கு நிறமற்ற, பளபளப்பான கண்ணாடிப் பூச்சு ஒன்றை இரண்டு வருடமாகத் தேடுகிறேன். பூசியது பால்போல் மங்கிவிடும். இல்லையென்றால் சூடு பட்டதும் 'டிக்' என்று மெல்லிய வெடிப்பு ஓடும்.

இன்று பதினேழாவது கோப்பை. வீட்டில் தனியாகச் சோதிக்கத் துணிவில்லாமல் துறைமுகத்தடித் தேநீர்க் கடைக்குக் கொண்டுபோனேன்.

கடைக்கார நானா அதில் பால் விடாத பிளேன்டீயைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார். நான் காதை அருகில் வைத்தேன்.

"என்ன மாஸ்டர், கோப்பை கதைக்குதா?"

"இல்லை நானா."

"பிறகென்ன, குடியுங்கோ."

குடித்துவிட்டுப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. தெளிந்த கடல்நீருக்குள் கிடப்பதுபோல் செம்மண் மின்னியது. நான் செய்ததுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அப்ப கடைக்கு ஆறு செய்து தாங்கோ," என்றார் நானா.

ஒரே கோப்பையை நம்பி ஓம் சொல்லலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன்.