கல்லை இடம் மாற்றுகிறவர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலும் கீழும் போய்விட்டு, மாலையில் வந்து தன் கடல்நீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் கூப்பிட்டால் மூன்றாவது தடவைதான் காதில் விழும். தொட்டியின் மோட்டார் லேசாக முனகினால் குளியலறையிலிருந்து ஓடி வருவார்.

ஒரு மீன் வாங்க அவர் படுத்தும் பாடு சொல்லி மாளாது. எவ்வளவு பெரிதாக வளரும், எதைத் தின்னும், எங்கே தூங்கும், கோபக்காரனா என்று சம்பந்தம் பேசுகிற மாதிரி கடைக்காரரைக் குடைவார். எங்கள் தொட்டி இறாலைத் தின்கிற மீன் என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். "அழகைப் பார்த்துக் கூட்டிட்டு வந்தா, உள்ள இருக்கிறவங்க கதி என்ன?" என்பார். என்னை எதைப் பார்த்துக் கூட்டி வந்தார் என்று நான் கேட்டதில்லை.

இவ்வளவு பேசுகிறவர் ஆரம்பத்தில் சறுக்கினார். விரல் நீளமே உள்ள ஒரு நீல மீனை, கெட்டியான உயிர் என்று நம்பி, முதல் ஆளாக விட்டுவிட்டார். அது தொட்டி முழுவதையும் தன் பேருக்கு எழுதிக்கொண்டது. பின்னால் வந்த மஞ்சள் மீனை மூலையைவிட்டு நகரவிடவில்லை. இவர் நீலத்தைக் கடையில் திருப்பிக் கொடுக்கவில்லை. முழங்கைவரை கையை விட்டு, உள்ளே இருந்த கற்களையெல்லாம் இடம் மாற்றினார். தன் பொந்து எதுவென்று தெரியாமல் நீலம் திருதிருவென்று முழித்தது. இரண்டே நாளில் ஆளுக்கொரு பொந்து பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டன.

போன வருஷம் என் நாத்தனார், கணவரோடு ஒத்துவராமல் பிரிந்து, இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண்தான். ஆனால் என் சமையலறையில் அவள் ஒரு கரண்டியைத் தொட்டால் எனக்குச் சுருக்கென்றது. "அது அங்க இல்ல", "அதுல ஊத்தாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் அவள், "ஹாஸ்டல்ல இடம் பார்த்துட்டேன் அண்ணா. ஞாயித்துக்கிழமை போயிடறேன்" என்றாள். அவர் முகம் செத்துவிட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன்.

சனிக்கிழமை நானும் நாத்தனாரும் வேலை முடிந்து வந்தால், சமையலறையே தலைகீழாகக் கிடந்தது. தட்டுகள் இருந்த இடத்தில் அரிசி, அரிசி இருந்த இடத்தில் மிக்ஸி. அவர் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"சும்மாதான். தூசியா இருந்துச்சு."

அடுப்பில் வைத்தது கொதித்துவிட்டது, உப்பைக் காணோம். தொட்டிக்கென்று ஒரு வாளி நிறையக் கடலுப்பு இருக்கிற வீட்டில், சமையலுக்கு ஒரு சிட்டிகை இல்லை.

"மேல் தட்டுல இல்ல அண்ணி."

"கீழயும் இல்லடி."

இருவரும் மண்டியிட்டுத் தேடினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த நீல மீன் யாரென்று. வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. இந்த மனிதர்மேல் சொல்ல முடியாத பிரியமும் வந்தது.

உப்பு டப்பாவை நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். "இதை எங்க வைக்கட்டும் அண்ணி?" என்றாள்.

"உனக்குக் கை எட்டுற இடத்துல வை" என்றேன். "அப்படியே அந்த ஹாஸ்டலுக்கு, வரலைன்னு ஒரு போன் போட்டுடு."