தொலைந்த பொருள் கவுண்ட்டரில் ஒரு நீலக் குஷன்

டிப்போவில் அவளுக்குப் பேர் குட்டை டிரைவர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஆள் குள்ளம்தான். ஆனால் அவள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும்போது மெக்கானிக்குகள் கைவேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சீட்டில் ஒரு நீலக் குஷனைப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்றால், ஊரின் மிக நீளமான தடத்து வண்டி அவள் சொன்னபடி கேட்கும்.

அவளுக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் போனில் ஆடும் சண்டை விளையாட்டு. பழக்கிவிட்ட மகராசன் அவளுடைய கொழுந்தன். ஒரே வீடு, ஒரே டிப்போ. அந்த வேலையையும் கையைக் காலைப் பிடித்து அவனுக்கு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். விளையாட்டுக்குள் அவன் பேர் சிங்கக்குட்டி. குளியலறைக்குப் போனாலும் போனோடுதான் போவான் இந்தச் சிங்கம்.

டிப்போ டாக்டரம்மா ஒருநாள் ஓட்டுநர்களையெல்லாம் உட்கார வைத்துக் கேள்வித்தாள் கொடுத்தார். விளையாட்டு எந்த அளவுக்குப் போனால் நோய் என்று ஆராய்கிறாராம். நினைத்ததைவிட அதிக நேரம் ஆடியதுண்டா? வீட்டில் மறைத்ததுண்டா? ஆட முடியாமல் போனால் எரிச்சல் வருமா? மனசில் பட்டதை எழுதுங்கள், இது ஆராய்ச்சிக்கு மட்டும்தான் என்றார்.

இவள் நம்பித் தொலைத்தாள். எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று டிக் போட்டாள். பக்கத்திலிருந்த கொழுந்தன் கேள்வியைப் படிக்கக்கூட இல்லை. மேலிருந்து கீழ்வரை 'இல்லை' போட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் ஆட்டத்தைத் தொடர்ந்தான்.

ஆராய்ச்சி சீக்கிரமே ஆணையாக மாறியது. அவளைச் சீட்டிலிருந்து இறக்கித் தொலைந்த பொருள் கவுண்ட்டரில் உட்கார வைத்தார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளும், டிபன் பாக்ஸ்களும், ஜோடியில்லாத குழந்தைச் செருப்புகளும்தான் துணை. அவள் வண்டி கொழுந்தனுக்குப் போனது.

"யாரு அண்ணி உங்கள உண்மையச் சொல்லச் சொன்னது?" என்று கேட்டான், அவள் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே.

பிறகு டாக்டரம்மா வீட்டார் நிரப்ப வேண்டிய தாள் ஒன்றையும் அனுப்பினார். கொழுந்தனைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அவள் ஒன்று விடாமல் எழுதினாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"கோபத்துல எழுதியிருக்கீங்கம்மா. இதை நான் கணக்குல எடுத்துக்க முடியாது."

தன்னைப் பற்றிச் சொன்னபோது வேதவாக்காக இருந்த பேச்சு, அவனைப் பற்றிச் சொன்னதும் குப்பையாகிவிட்டது. அதையும் விழுங்கிக்கொண்டாள். ஆனால் ஒருநாள் கண்டக்டர் வந்து அந்த நீலக் குஷனைக் கவுண்ட்டரில் வைத்தார்.

"உங்க கொழுந்தன் கொடுக்கச் சொன்னாரு. யாரோ விட்டுட்டுப் போனதாம்."

அவள் அழவில்லை. குஷனைத் தட்டி, தூசு போக்கி, மடியில் வைத்துக்கொண்டாள். இவனை அந்தச் சீட்டிலிருந்து இறக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

வாய்ப்பு குடை வடிவில் வந்தது. குடையைத் தொலைத்துவிட்டு வந்த டாக்டரம்மா, கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டு கேட்டார். "அந்த விளையாட்டு எப்படித்தான் இருக்கும்? ஆடுறவங்க சொல்லிக் கேட்டதோட சரி, நான் பார்த்ததே இல்ல."

"போனைக் கொடுங்க டாக்டர்."

விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். "துணைக்கு ஆள் இல்லாம ஆட முடியாது" என்று சொல்லி, சிங்கக்குட்டிக்கு நட்பு அழைப்பும் அனுப்பினாள். நண்பர் சேர்ந்தால் தங்கக் காசு கிடைக்கும் என்பதால் அந்தப் பேராசைக்காரன் யார் எவர் என்று பார்க்காமல் ஏற்றுக்கொள்வான் என்பது அவளுக்குத் தெரியும். ஏற்றுக்கொண்டான். அதன்பின் அவன் ஆட வரும்போதெல்லாம் டாக்டரம்மாவின் போன் சிணுங்கியது: 'சிங்கக்குட்டி களத்தில் இறங்கிவிட்டார்.'

"யாரும்மா இந்தச் சிங்கக்குட்டி? நாள் பூரா இறங்கிட்டே இருக்காரு."

"தெரிஞ்ச பையன்தான் டாக்டர். வேலை வெட்டி இல்லாதவன் போல."

அவள் பொறுத்திருந்தாள். பழியை அவசரப்பட்டு வாங்கினால் ருசி இருக்காது. ஒரு மத்தியானம் டாக்டரம்மா ஏதோ சந்தேகம் கேட்கக் கவுண்ட்டருக்கு வந்திருந்தபோது, பக்கத்திலிருந்த கன்ட்ரோல் ரூம் ஸ்பீக்கரில் கொழுந்தனின் குரல் கேட்டது. "சார், இன்ஜின் சூடாயிடுச்சு. பாதி வழியில நிக்கிறேன். பயணிங்க எல்லாம் கத்துறாங்க. ஆற வச்சுத்தான் எடுக்கணும்."

குரல் அடங்கியதும் டாக்டரம்மாவின் போன் சிணுங்கியது. சிங்கக்குட்டி களத்தில் இறங்கிவிட்டார்.

"டாக்டர், அந்தச் சிங்கக்குட்டி என் கொழுந்தன்தான்" என்றாள் அவள். "பேரை அழுத்துங்க. எவ்வளவு நேரம் ஆடியிருக்கான்னு விளையாட்டே சொல்லும்."

டாக்டரம்மா அழுத்தினார். வண்டி ஓட்ட வேண்டிய நேரமெல்லாம் ஆட்டக் கணக்கில் வரிசையாக வந்து நின்றது. "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. கோபத்துல எழுதினதுன்னு நீங்கதானே ஒதுக்கிட்டீங்க."

கொழுந்தன் இறக்கப்பட்டான். வீட்டில் புருஷன், "கூடப் பிறந்தவன்டி, அவனை இப்படிப் பண்ணலாமா?" என்று குதித்தார். "என் குஷன் மட்டும் அநாதையா?" என்று கேட்டுவிட்டு அவள் தூங்கப் போனாள். நன்றாகத் தூங்கினாள்.

வண்டிக்கு ஆள் வேண்டும். அவளுக்கே திருப்பித் தரலாம், ஆனால் தகுதி பார்க்க வேண்டுமாம். டாக்டரம்மா அதே கேள்வித்தாளை நீட்டினார். அன்று காலை பஸ் ஸ்டாப்பில் நின்றுகூட ஒரு ஆட்டம் முடித்துவிட்டுத்தான் அவள் வந்திருந்தாள். பேனாவை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை 'இல்லை' போட்டாள். கேள்வியைப் படிக்கவில்லை.

"நல்ல முன்னேற்றம்" என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

குஷனை எடுத்துக்கொள்ளக் கவுண்ட்டருக்குப் போனாள். குடைகளுக்கு நடுவில் கொழுந்தன் உட்கார்ந்திருந்தான்.

"என்ன எழுதினீங்க அண்ணி?"

"நீங்க எழுதினதைத்தான் தம்பி" என்று சொல்லி, குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தாள்.