ராகேல் என்று கூப்பிடப் பயந்த அம்மா

நனைந்த வைக்கோலும் விளக்கெண்ணெயும் கலந்த வாசனை... இன்றைக்கும் எங்காவது அடித்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். வெள்ளைக்காரன் காலம், யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அயனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு எங்கள் அக்கா ராகேலை மாட்டு வண்டியில் கொண்டுபோன மழைநாளின் வாசனை அது. (நான் சொல்கிறேன், பேத்தி டைப் பண்ணுகிறாள். தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.)

ராகேல் எபிரெயப் பெயர். பெண்ணாடு என்று அர்த்தம். சாது என்று நினைத்துவிடாதீர்கள்! வேதத்தில் வரும் ராகேல், அப்பன் வீட்டுச் சிலைகளைத் திருடி, ஒட்டகச் சேணத்துக்குள் ஒளித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டவள். எங்கள் அக்காவும் அப்படித்தான், பிடித்தால் பிடித்ததுதான்.

அப்பாவுக்கு, யாக்கோபு அவளைக் கிணற்றடியில் பார்த்து மயங்கிய கதை ரொம்பப் பிடிக்கும். அதனால் வைத்த பெயர்.

அம்மாவுக்கோ கதையின் முடிவுதான் மனசில் நின்றது. அந்த ராகேல் இரண்டாவது பிரசவத்தில், போகிற வழியிலேயே செத்துப்போனாள்.

அக்கா இரண்டாவது முறை முழுகாமல் இருப்பது தெரிந்த நாளோடு அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "பாப்பா"தான். வேறு யாராவது ராகேல் என்றாலும் முறைப்பாள். பெயரைக் கேட்டுச் சாவு வந்துவிடுமாம். சர்ச் ஐயர் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி, புத்தி சொல்லிவிட்டுப் போனார். அம்மா காதில் ஏறவில்லை.

அன்று விடியும்போதே வலி. மருத்துவச்சி பார்த்துவிட்டு, ரத்தம் போகிறது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வழில மட்டும் வேணாம்... இன்னா ஆனாலும் ஊட்லயே ஆவட்டும்."

அக்கா புருஷன், எங்கள் மாமா, ஆவடி மிலிட்டரி கேம்ப் வேலையில் இருந்தார். ஆள் அனுப்பிக் கூப்பிட நேரமில்லை. அக்காவே சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"இங்கியே கெடந்தா செத்துடுவேம்மா. தள்ளு."

ஏரிக்கரை முழுக்கச் சேறு. வண்டியில் அக்கா தலை என் மடியில், கால்மாட்டில் மருத்துவச்சி. அம்மா வண்டிக்காரர் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். கரையான்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா வீறிட்டாள்.

"தல தெரியுது! வண்டிய நிறுத்து அண்ணாத்தே!" என்றாள் மருத்துவச்சி.

"நிறுத்தாத நைனா! ஓட்டு!" அம்மா கத்தினாள்.

"இன்னாம்மா நீ, இந்தக் குலுக்கல்ல எப்டி பெத்துக்கும்?"

வண்டி நின்றால்தானே அது 'வழி'... ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. அம்மாவின் கணக்கு அது! வண்டிக்காரர் பாவம், யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் முழித்தார். அக்கா எக்கி அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"நிறுத்துய்யா!"

நிறுத்தினார். கொட்டுகிற மழையில், நடு வழியில்.

பெண் குழந்தை. வீல் என்று அழுதது. அக்காவிடம் சத்தமே இல்லை. முகம் வெளுத்து, கண் மூடிக்கொண்டது.

"பாப்பா... பாப்பா..." அம்மா கன்னத்தைத் தட்டினாள். அசைவில்லை. அக்கா போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா, அத்தனை மாசமாகத் தொண்டைக்குள் அடக்கி வைத்திருந்ததைக் கத்தினாள்.

"ராகேலு! அடியே ராகேலு! என்னப் பாருடி!"

இமை அசைந்தது.

"இன்னாத்துக்கு இப்டி கத்துற..." என்றாள் அக்கா.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள், வாய் ஓயாமல்.

அக்கா பிழைத்தாள். நரைத்து, பல் விழுந்து, பேரப்பிள்ளைகளை மிரட்டிக்கொண்டு ரொம்ப காலம் இருந்தாள்.

வண்டியில் பிறந்தவளின் பேத்திக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. இந்தக் காலத்தில் பெயரெல்லாம் செல்போனில்தான் தேடுகிறார்கள். சின்னதாக, ஸ்டைலாக இருக்கவேண்டுமாம். போன வாரம், ராகேல் என்றே வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, அவள் என்னிடம் கேட்டாள்: "ராகேல்னா பெண்ணாடுன்னு போட்டிருக்கே... இது ஒரு அர்த்தமா?"

"அர்த்தம் கெடக்கட்டும் கண்ணு," என்றேன். "கூப்ட்டா கண்ணத் தொறப்பா."