கையை வீசிக்கொண்டு போனவள்

"கிட்டார் வாசிக்கப் போற பொண்ணு கிட்டார கோயிலுக்குக் குடுத்துட்டா போவும்? யார் காதுல பூ சுத்துற எல்லம்மா?"

எதிர்வீட்டு வேண்டா இப்படிக் கேட்டாள். தண்ணீர் லாரியைச் சுற்றித் தெருவே குடத்தோடு நிற்கும்போது கேட்டாள். கூட நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் பேத்தி ஷாரோன் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகவில்லையாம், எவனோடோ ஓடிப்போய்விட்டாளாம். கையில் கிட்டார் இல்லாமல் கிளம்பியதுதான் அதற்குச் சாட்சியாம்.

"ஓடிப் போறவ அப்பன் ஆட்டோலயே ஏறி, உனக்கும் டாட்டா காட்டிட்டுப் போவாளாடி?" என்று கேட்டேன்.

"அத்த வுடு. கொத்து வேலைக்குப் போறவன் கரணைய வூட்ல வச்சிட்டுப் போவானா? அதுக்குப் பதில் சொல்லு."

அதற்கு ஒரு குடம் ரொம்புகிற நேரத்தில் பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் உட்கார்ந்து முழுசாகச் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக் கீர்த்தனா எழுதுகிறாள். எழுதி முடித்ததும் வேண்டாவுக்கும் படித்துக் காட்டட்டும்.

அந்தக் கிட்டார் நாங்கள் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கு ஒன்று காணிக்கை கொண்டுவருவார்கள். பூசணிக்காய், வாழைத்தார், கோழி, ஆட்டுக்குட்டி என்று வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வாசலில் வைத்து ஏலம் விடுவார்கள். என் மகன் ஏசுபாதம், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அந்த வருஷம் ஒரு வெள்ளைச் சேவல் மேல் கண் வைத்திருந்தான். சேவல் வேறு யாருக்கோ போய்விட்டது. ஏலம் விட்ட ஜான்சனைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, நான் ஒருத்தன் நிக்கறது தெர்ல?" என்று கையைத் தூக்கிச் சண்டைக்குப் போனான். அதற்குள் ஜான்சன் அடுத்த பொருளை எடுத்துவிட்டார். யாரோ வைத்த பழைய கிட்டார். தூக்கின கையைப் பார்த்தார். வேறு கை எதுவும் இல்லை. "ஏசுபாதத்துக்கு மூணு தரம்!" என்று முடித்துவிட்டார். வீட்டில் என் மருமகள் கோழிக் குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் முகம் போன போக்கைச் சொல்லி மாளாது.

ஷாரோன் அப்போது ஆறாம் வகுப்பு. யாரும் சொல்லிக்கொடுக்காமல் கிட்டாரை எடுத்து மடியில் வைத்தாள். வைத்ததே தலைகீழாக. இடது கைக்காரி. எழுதுவது, கல்லெறிவது, மீன் ஆய்வது எல்லாம் அந்தக் கைதான். சோறு மட்டும் வலது கையால் தின்ன வேண்டும் என்று நான்தான் பழக்கினேன். அதில் இன்றைக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜான்சன்தான் சபையில் பாட்டுக்குழுவுக்குத் தலைவர். பிள்ளைகளுக்குச் சும்மாவே கிட்டார் சொல்லிக்கொடுப்பார். எல்லாரையும்போல இவளுக்கும் வலது கைப் பழக்கம்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு வருஷம் முழுக்க முயன்றாள். கம்பியை அழுத்துகிற விரல்கள் சரியாகவே நின்றன. மீட்டுகிற வலது கைதான் அவள் பேச்சைக் கேட்கவில்லை. செருப்பு அறுந்தவன் நடக்கிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது தாளம். ஒரு நாள் பாட்டு நடுவிலேயே கிட்டாரைத் திருப்பிப் பிடித்துவிட்டாள். பெஞ்சில் எல்லாருடைய கிட்டார் கழுத்தும் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டிருக்க, இவளுடையது எதிர்ப்பக்கம் போய்ப் பக்கத்தில் இருந்த ஜோஷ்வாவின் காதில் இடித்தது. ஸ்தோத்திரப் பாட்டு நடுவில் "ஐயோ" என்று கத்தினான்.

ஏசுபாதம் ராத்திரிச் சோற்றைக்கூடத் தின்னாமல் கம்பிகளையெல்லாம் கழற்றி இடமாற்றி மாட்டிப் பார்த்தான். இடது கைக்காரருக்கு அப்படித்தான் மாட்ட வேண்டும் என்று எங்கோ கேட்டிருக்கிறான். ஆனால் கழுத்தின் உச்சியில் கம்பி உட்காரும் வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் தடிமனுக்குப் பள்ளம். தடித்த கம்பி மெல்லிய பள்ளத்தில் இறங்கவில்லை. மெல்லிய கம்பி அகலப் பள்ளத்தில் கிடந்து ஈ மாதிரி இரைந்தது. மறுநாள் செங்கல்பட்டில் கிட்டார் விற்கிற கடைக்காரரிடம் விசாரித்துவிட்டு வந்தான்.

"அந்தத் துண்டையே மாத்திக் குடுத்துடறாராம் பாப்பா. அப்புறம் அது உனக்குன்னே ஆயிடும்."

"அதான் நைனா வேணாங்கறேன்."

"இன்னாடி வேணாம்?"

"எனக்குன்னே ஆயிட்டா அது ஒண்ணுதான் என்னுது. கோயில்ல கீற மத்த கிட்டார நான் தொட முடியாது. எங்க போனாலும் இத்தயே தூக்கிகினு போவணும். இது ஒடைஞ்சா அத்தோட அவ்ளோதான். கம்பிய பழையபடியே மாட்டிடு. நான் கவுத்துப் புடிச்சிக்கறேன்."

பன்னிரண்டு வயசுப் பெண் பேசுகிற பேச்சா இது? எங்கள் வீட்டில் யாருக்குமே நமக்கென்று ஒரு பொருள் நிலைத்து நிற்கும் என்கிற நம்பிக்கை இருந்ததில்லை. அடுத்தவர் நிலத்தில், அடுத்தவர் கருவி பிடித்து உழைத்தவர்கள் நாங்கள். ஆனால் அதையே தனக்கு ஒரு பலமாக மாற்றிக்கொள்ளலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இவளுக்குத் தோன்றியது. எங்கிருந்து தோன்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஜான்சன் நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னார். "பாப்பா, வலது கைல புடிச்சா நான் சொல்லித் தரேன். கம்பி மாத்தி இடது கைல புடிச்சாலும் கண்ணாடில பாக்கற மாதிரி என்னப் பாத்துக் கத்துக்கலாம். நீ கம்பியும் மாத்தாம கவுத்துப் புடிக்கறேன்ற. தடிச்ச கம்பி அடில பூடும், மெல்லிசு மேல வந்துடும். அதுக்கு விரல எங்க வைக்கணும்னு எனக்கே தெரியாதும்மா. நீயாதான் தேடிக்கணும்."

"தேடிக்கறேன் சார்."

தேடினாள். வருஷக்கணக்கில் தேடினாள். மற்றப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் படிக்கிற பாட்டு இவளுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆகும். கிறிஸ்துமஸ் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது மற்றவர்கள் தோளில் கிட்டார். இவள் பின்னால் கைதட்டிக்கொண்டு போவாள். "உன் பேத்திக்கு வரலன்னா வுட்டுட வேண்டியதுதான?" என்று இதே வேண்டா அப்போதும் கேட்டிருக்கிறாள். நானும் அவளிடம், "வுட்டுடு கண்ணு" என்று சொல்லத்தான் பின்கட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது! மற்றவர்கள் கம்பியை மேலிருந்து கீழே இழுத்தால் கனத்த சத்தம் முதலில் விழும், மெல்லிய சத்தம் அதன் பின்னால் ஓடும். அலை விழுந்து, பிறகு நுரை கரைக்கு ஓடிவருகிற மாதிரி. இவள் இழுத்தால் நுரை முதலில் வந்தது. அது காலைத் தொட்ட பிறகு, அடியிலிருந்து அலை எழுந்து வந்தது. கடல் பக்கத்திலேயே கிழவியானவள் நான். கடல் அப்படிப் பின்பக்கமாக வந்து நான் பார்த்ததில்லை. சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஜான்சன் அவளைப் பெஞ்சின் நுனியில் உட்கார வைத்தார். ஜோஷ்வாவின் காதும் பிழைத்தது.

காலேஜ் முடித்துக் கேளம்பாக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வாடிக்கையாக வருகிறவள் வைஷாலி. ஓட்டல்களில் சாயங்காலம் பாடுகிறவள். பில் போடுகிற நேரத்துப் பேச்சில், இவள் கிட்டார் வாசிப்பாள் என்று தெரிந்துவைத்திருந்தாள். அவள் குழுவில் கிட்டார் வாசித்தவர் வெளிநாடு போய்விட, மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு ஓட்டலுக்கு வந்து வாசித்துக் காட்டச் சொன்னாள். வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று நானும் கூடப் போனேன்.

அங்கே போனால் இவளுடைய கிட்டாரை ஸ்பீக்கரில் மாட்ட வழியில்லை. வைஷாலி தன் ஒயர் கிட்டாரைக் கொடுத்தாள். இவள் அதைத் திருப்பினாள்.

"ஐயோ, நீ லெஃப்ட் ஹேண்டா? சொல்லவே இல்லியே! கம்பி மாத்தக்கூட இப்போ டைம் இல்லப்பா."

"மாத்த வேணாம்க்கா. நீங்க பாடுங்க."

வைஷாலி சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் கிட்டார் சத்தம் அப்படியே செத்துப்போனது. ஒன்றுமில்லை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு தலைகீழாகப் பிடித்ததில் மேலே வந்திருந்தது. அவள் முழங்கை பட்டுத் திரும்பிவிட்டது. வைஷாலி பாட்டை நிறுத்தவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து தாளம் தட்டிக்கொண்டிருந்த பாலா, தரையில் ஒயருக்கு ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து நீட்டினான். இவள் திருகைத் திருப்பி அதன்மேல் டேப்பை ஒட்டி, வைஷாலி எந்த வரியில் இருந்தாளோ அந்த வரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். நுரை வந்தது, பின்னால் அலை வந்தது. தட்டு எடுத்துக்கொண்டு போன ஓட்டல் பையன்கள்கூட நின்றுவிட்டார்கள்.

பாட்டு முடிந்ததும் வைஷாலி வந்து டேப் ஒட்டின திருகைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எந்த கிட்டார் குடுத்தாலும் இப்டியேவா?" என்றாள்.

"எது குடுத்தாலும்க்கா."

"புதுச்சேரில ஆறு மாசம் வேலை இருக்கு. எங்க வண்டிலயே ரெண்டு கிட்டார் கிடக்கு. நீ வந்தா போதும்."

போகிறதுக்கு முந்தின ஞாயிறு அவள் தன் கிட்டாரைச் சபையில் ஜான்சனிடம் கொடுத்துவிட்டாள். கம்பி மாற்றாத கிட்டார், எந்தப் பிள்ளை எடுத்தாலும் அப்படியே வாசிக்கலாம். எந்தக் கிட்டாரும் அவளுடையது ஆன பிறகு, ஒன்றை மட்டும் எதற்குச் சுமக்க வேண்டும்? கேட்டுக்கொள் வேண்டா, உன் கரணைக்குப் பதில் இதுதான்.

கிளம்பின அன்றைக்கு வெளியே ஏசுபாதம் ஆட்டோவில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். அவள் முதுகில் துணிப்பை. இடது காலைத் தூக்கினாள்.

"வலது கால எட்த்து வச்சிப் போ" என்றேன்.

"கைய என் இஷ்டத்துக்கு வுட்டியே ஆயா, கால மட்டும் வுட மாட்டியா?"

"மாட்டேன்."

சிரித்துக்கொண்டே வலது காலை வாசலுக்கு வெளியே வைத்தாள். வேண்டா அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாரோன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள்.