சிங்கம், குதிரை, நாய், அப்புறம் நான்

இன்று டியூஷனில் அடர்ந்து நீண்ட முடிக்கான இங்கிலீஷ் வார்த்தைகள்.

சிங்கத்துக்கும் குதிரைக்கும் பிடரியில் இருப்பது 'மேன்'. அணில் வால் 'புஷி'. சீப்பையே பார்க்காத நாய் 'ஷாகி'.

"மனுஷங்களுக்கும் ஷாகி சொல்லலாம். யாராவது உதாரணம் சொல்லுங்க" என்றார் மிஸ். மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

எழுந்து நின்று தலையை உலுக்கினேன். "பயப்படாதீங்க மிஸ், தடுப்பூசி போட்டாச்சு."

சிரிப்பு அடங்க நேரமானது.

தெரியாதவர்களுக்கு: அப்பா துபாயிலிருந்து நல்லபடியாக வந்ததும் எனக்குச் சமயபுரத்தில் மொட்டை போடுவதாக அம்மாவின் வேண்டுதல். அதுவரை தலையில் கத்திரி படக் கூடாது.

"அப்பா எப்பப்பா வராங்க?" என்று மிஸ் கேட்டார்.

"அடுத்த வாரம் மிஸ்."

"டேய், நாங்களும் வரோம்டா! மொட்டையில சந்தனம் நான்தான் தடவுவேன்" என்றான் பின்பெஞ்ச் பிரகாஷ்.

காலையில்தான் அப்பா போன் செய்திருந்தார். இந்த வருஷம் லீவு இல்லையாம். "முடியைப் பின்னிப் பூ வச்சுக்கோடா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உடனே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

டியூஷனில் அதைச் சொன்னால் எல்லாரும் பாவமாகப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் நாய் என்றே சிரிக்கட்டும்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, டியூஷன் பசங்களுக்குத் தெரியாதபடி மறைத்து இந்தப் போஸ்டைப் போடுகிறேன். டியூஷனிலிருந்து சமயபுரத்துக்கு எட்டுப் பேர் ரெடி. அப்பாதான் வரவில்லை.

அடுத்த வாரத்துக்கு நல்ல பொய் ஒன்று வேண்டும். கைவசம் இருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள்.