இரண்டு எம்பி வரம்பு

மெயில் சர்வர் நின்றுபோனால் எங்கள் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசியில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மின்னஞ்சல் மையத்தில் சர்வரைக் கவனிப்பது என் வேலை. சொந்தமாகக் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு நாங்களே முகவரி கொடுப்போம். வருகிற மெயிலை அச்சடித்துக் கையில் தருவோம்.

சர்வரின் மொத்த மெமரி பதினாறு எம்பி. ஒருநாள் துபாயிலிருந்து யாரோ கல்யாண போட்டோக்களை ஒரே மெயிலில் அனுப்ப, அதை வாங்கி உரியவரின் பெட்டியில் போடும் புரோகிராம், எங்கள் பாஷையில் புரோசஸ், மெமரி முழுவதையும் விழுங்கிவிட்டது. மிஷின் உறைந்தது.

“ஏலே, இன்னொரு தடவ மிஷினு படுத்துட்டுன்னா நீயும் அது பக்கத்துலயே படுத்துக்கோ!” என்று முதலாளி கத்தினார்.

அன்றே அந்த புரோசஸுக்கு இரண்டு எம்பி என்று வரம்பு வைத்தேன். அதற்கு மேல் மெமரி கேட்டால் சிஸ்டம் அதைப் பாதியிலேயே நிறுத்திக் கொன்றுவிடும். மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஒவ்வொரு முறையும் எனக்கும் ஓர் எச்சரிக்கை வரும். எல்லாம் போட்டோவாகத்தான் இருக்கும் என்று, எச்சரிக்கைகள் தானாக அழியும்படி செய்துவிட்டேன். மிஷின் அதன்பின் படுக்கவில்லை.

“பய கெட்டிக்காரன் வே” என்று முதலாளி எல்லோரிடமும் சொன்னார்.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கோமதி பஸ்ஸில் வருவாள். எம்.எஸ்ஸி. முடித்தவள். நாங்கள் கொடுத்த முகவரியைப் போட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்திருந்தாள்.

“அண்ணாச்சி, வந்துருக்கா?”

“இல்லம்மா.”

“நல்லாப் பாத்தீயளா? ஒங்க மிஷினு தின்னுருக்கப் போவுது.”

நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஒரு காலையில் அவள் பெயருக்கு நான்கு வரி மெயில் வந்தது. அனுமதிக் கடிதத்தையும் படிவங்களையும் ஸ்கேன் செய்து மூன்று முறை அனுப்பினார்களாம், மூன்றும் திரும்பிவிட்டனவாம். கெடு முடிந்ததால் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

சர்வரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்தேன். மூன்று தடவையும் புரோசஸ் கொல்லப்பட்டிருந்தது. என் வரம்புக்குள் அடங்கி அவளுக்கு வந்து சேர்ந்தது இந்த நான்கு வரி மட்டும்தான்.

கோமதி அதை இரண்டு முறை வாசித்தாள். “மூணு தடவ அனுப்பிருக்காவ. எப்படி அண்ணாச்சி திரும்பிப் போவும்?”

“லைன் சரியில்ல போலம்மா.”

“நீங்க என்ன செய்வீய, பாவம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரம்பு வைத்தது தப்பில்லை. எது சாகிறது என்று பார்க்காமல் இருந்தேன், அது தப்பு. பிழை எங்களுடையது என்று அன்றே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதியிருக்கலாம். அவர்கள் மனம் மாறியிருப்பார்களோ என்னவோ. நான் எழுதவில்லை.